43 கிலோ தகடு, 31 நாள் கூலி

மட்டக்களப்பு வாவிக் கரையில் பல காலம் நின்ற ஒரு மொறிஸ் மைனர் காரின் கறளை முழுதாக வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைக்க, கடையில் வாங்க வேண்டிய இரும்பு ஏறத்தாழ 43 கிலோ. அதில் வண்டிக்குள் போவது 32 கிலோ. மிச்சம் வெட்டுத் துண்டாகக் கராச் மூலையில் சேரும். வண்டியின் எடை சுமார் 750 கிலோ. ஆக, மாற்றப்படுவது எடையில் நூற்றுக்கு நாலரை பங்குகூட இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் கறள் வேலை பற்றி முதலில் கேட்பதோ தகட்டின் விலையைத்தான். கீழே வரும் கணக்கில் தகட்டின் பங்கு 7 சதவீதம். 79 சதவீதம் ஆட்களின் நேரம். நல்ல வேலையைக் கட்டுப்படியான விலையில் தேடுகிறவர், நல்ல நேரத்தைக் கட்டுப்படியான விலையில் தேடுகிறார். இரும்புக் கடையில் பேரம் பேசிப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

கணக்குக்கு ஒரு மாதிரி வண்டி வேண்டும். நான்கு கதவு மைனர் 1000 ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மைனர் 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1956இல் 948 சீசீ எஞ்சினோடு மைனர் 1000 வந்தது, 1962இல் எஞ்சின் 1098 சீசீ ஆயிற்று. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 இலட்சம் வண்டிகள் போல வெளிவந்திருந்தன. இலங்கையில் இது வாடகைக் காராக ஓடியது, சாரதிப் பயிற்சிப் பாடசாலைக் காராக ஓடியது, இன்றும் கலியாண வீட்டு வாசலில் நிற்கிறது. இங்குள்ள மைனர்களின் எண்ணிக்கை இனிக் கூடப் போவதில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்தபோதும், அரை நூற்றாண்டு பழைய வண்டிக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. உள்ளதைக் காப்பாற்றுவதுதான் ஒரே வழி.

நம் மாதிரி வண்டியில் 1950களின் பிற்பகுதியில் வந்த ‘ஸ்ரீ’ இலக்கத் தகடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிங்கள எழுத்துக்கு எதிராக 1958இல் தமிழர் பகுதிகளில் தார்ச் சட்டியும் தூரிகையுமாக இறங்கினார்கள். இன்று அதே தகடு அசல் தகடு என்று துடைத்து மினுக்கப்படுகிறது, விலையையும் கூட்டுகிறது. தார் மட்டும் வண்டியை விட்டுப் போகவில்லை. கறள் வராது என்று அடிப்பகுதியில் இன்னும் பூசுகிறார்கள். அது காய்ந்து வெடித்து, வெடிப்புக்குள் உப்புநீரைப் பிடித்து வைக்கும். அதற்குப் பதில் என்ன பூசலாம் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

உப்புக் கணக்கு

வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு வாய் திறக்கிறது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று நீளும் எழுவான்கரைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. படுவான்கரைக்கு வாவி மட்டும், அதற்கப்பால் வயல். கடல் அலையிலிருந்து எழும் உப்புத் துகள் கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றருக்குள்ளேயே பெருமளவு இறங்கிவிடும். அதனால் கல்லடிக் கடற்கரைத் தெருவில் நிற்கும் காரும் கொக்கட்டிச்சோலையில் ஒரு கொட்டிலுக்குள் நிற்கும் காரும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. மண்முனையில் 2014இல் பாலம் வந்தபின் படுவான்கரையில் வண்டியை நிறுத்தி வைப்பது முன்புபோலச் சிரமமும் இல்லை. கறளுக்குச் செய்யக்கூடிய மிக மலிவான வேலை எது என்று என்னைக் கேட்டால், அங்கே ஓர் உறவினர் வீட்டுக் கொட்டிலைத்தான் சொல்வேன்.

வெறும் இரும்பு காற்றில் எவ்வளவு தேயும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தர அளவுகோல் உண்டு. கடலோரங்கள் பெரும்பாலும் அதன் சி4, சி5 வகுப்புகளில் விழும். முதலாண்டில் ஒரு பக்கம் தேய்வது சி4இல் 50 முதல் 80 மைக்ரோன், சி5இல் 80 முதல் 200 மைக்ரோன். மைனரின் வெளித் தகடு 20ஆம் கேஜ், அதாவது 0.914 மில்லிமீற்றர் அல்லது 914 மைக்ரோன். 80 மைக்ரோன் வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் ஓட்டை விழ 11 ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். இரு பக்கமும் தேய்ந்தால் 5 ஆண்டு 8 மாதம். 200 மைக்ரோன் வேகத்தில் இரு பக்கமும் என்றால் 2 ஆண்டு 3 மாதம். திறந்த இடத்தில் முதலாண்டுக்குப் பிறகு இந்த வேகம் தணியும், உண்மைதான். சேறு அடைந்த உள்மூலைகளுக்கு அந்தத் தணிவு கிடைப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். வாவியோரத்து இரவுகளுக்கு மழை தேவையில்லை.

கதவுக்குக் கீழே, இரு பக்கமும் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே, தகட்டால் செய்த பெட்டிபோல ஒரு வெற்றுச் சட்டம் ஓடுகிறது. அதைக் கதவடிச் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 1.4 மீற்றர் போல, குறுக்களவு 10 சென்ரிமீற்றருக்கு 8 என்றால் உள்ளே 11 லீற்றர் இடம். கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு. 2004 டிசம்பர் 26இல் கல்லடியிலும் நாவலடியிலும் கடல் ஏறியபோது நனைந்த எந்த வண்டியின் சட்டத்துக்குள்ளும் ஒரேயொரு லீற்றர் தங்கிக் காய்ந்திருந்தால், உள்ளே 35 கிராம் உப்பு. வெளியே எத்தனை தரம் கழுவினாலும் அது போகாது. சட்டத்தின் அடியில் உள்ள வடிதுளை திறந்திருந்து, உள்ளே நல்ல தண்ணீர் விட்டால்தான் போகும். பழைய கார் வாங்கும்போது அந்த அலையில் வண்டி எங்கே நின்றது என்று கேட்பது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல.

எங்கே உடைந்தால் ஆபத்து

மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலே சட்டகம். லொறியில் உடல் உக்கினாலும் கீழே சட்டகம் தாங்கும், இங்கே அப்படி இல்லை. முன் சில்லுகளின் ஸ்பிரிங் வேலையைச் செய்வது முறுக்குக் கம்பிகள். அவை பின்னோக்கி ஓடி, முன் இருக்கைக்குக் கீழே உள்ள நடுக் குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்கின்றன. அந்தக் குறுக்குச் சட்டத்தின் நுனிகள் கதவடிச் சட்டத்தோடு ஒட்டியிருக்கின்றன. நுனி உக்கினால் முறுக்குக் கம்பி தன் பிடியைத் தானே பிய்க்கும். பின்னே ஸ்பிரிங் தகடுகள் மாட்டும் இடங்களும் அதே அளவு ஆபத்தானவை.

கண்ணுக்கு முதலில் தெரியும் நான்கு மட்காட்டுகளோ நட்டு-போல்ட்டில் கழன்று வருபவை. அவை உக்கினால் வண்டி அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் பணம் முதலில் போவது மட்காட்டுக்கும் பெயின்றுக்கும்தான். இலங்கையில் தனியார் காருக்கு வருட வரிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்தச் சோதனை புகையைப் பார்க்கும், குறுக்குச் சட்டத்தைப் பார்க்காது. பிரித்தானியாவின் எம்.ஓ.டி. சோதனையில் ஒரு நல்ல விதி இருக்கிறது. சஸ்பென்ஷன், இருக்கைப் பட்டி போன்ற முக்கியப் பிடிகளிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் பாரிய கறள் இருந்தால் வண்டி தேறாது. (40 வயது தாண்டிய வண்டிகளுக்கு அங்கேயும் 2018 முதல் விலக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை.) பாடசாலை அடிமட்டம் ஒன்றும் 30 சென்ரிமீற்றர்தான். அதையும் ஒரு திருப்புளியையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுத்து, ஒவ்வொரு பிடியைச் சுற்றியும் குத்திப் பாருங்கள். திருப்புளி உள்ளே போகும் இடம்தான் முதல் செலவு.

பேரேடு

இனித் தொகைகள். இரும்பின் அளவு வடிவக் கணக்கிலிருந்து வருவது. நாட்கள் என் மதிப்பீடு. விலை மூன்றும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட வட்ட எண்கள்: டிங்கர் பாஸும் ஓர் உதவியாளும் சேர்ந்து ஒரு நாளைக்கு 8,000 ரூபாய், தகடு கிலோ 500 ரூபாய், வெல்டிங் வயர், காஸ், அரைக்கும் டிஸ்க், துத்தநாகப் பூச்சு, மூட்டுப் பசை, மெழுகு எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டால் தொகை மாறும், விகிதம் பெரிதாக மாறாது.

கழற்றல், அடிப்பகுதி சுரண்டல், கதவு வாயிலுக்கு முட்டுக் கொடுத்தல்: 4 நாள்
நடுக் குறுக்குச் சட்டமும் முன்பக்கச் சட்டக் கால்களும்: 6 நாள், 16ஆம் கேஜ் தகடு 5.1 கிலோ
பின் ஸ்பிரிங் பிடிகள்: 3 நாள், 16ஆம் கேஜ் 1.9 கிலோ
இரு கதவடிச் சட்டங்கள்: 8 நாள், 18ஆம் கேஜ் 16.1 கிலோ
தரை ஒட்டுகள்: 3 நாள், 18ஆம் கேஜ் 5.7 கிலோ
மட்காட் ஓரம், கதவின் அடி: 4 நாள், 20ஆம் கேஜ் 3.6 கிலோ
பூச்சு, மூட்டுப் பசை, உள்மெழுகு: 3 நாள்

மொத்தம் 31 நாள், 32.4 கிலோ. எட்டடிக்கு நாலடித் தகடு 18ஆம் கேஜில் முழுசாக ஒன்று, 16இலும் 20இலும் காற்பங்கு ஒவ்வொன்று வாங்கினால் 43.3 கிலோ வரும், வெட்டுச் சேதத்துக்கும் போதும். தகடு 21,650 ரூபாய், கூலி 2,48,000, மற்றவை 45,000. கூட்டினால் 3,14,650 ரூபாய். பெயின்ற் இதில் இல்லை. அது தனிக் கணக்கு, தனி மனநோய்.

கதவடிச் சட்டத்துக்கு எட்டு நாளா என்று கேட்பார்கள். ஒரு சட்டத்தில் நான்கு மூட்டு ஓரங்கள், ஒவ்வொன்றும் 1.4 மீற்றர். 3 சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி வெல்டிங் என்றால் ஓர் ஓரத்துக்கு 47, இரு பக்கமும் சேர்த்து 376 புள்ளிகள். துளையிட, சுத்தமாக்க, ஒட்ட, அரைக்க என்று புள்ளிக்கு 3 நிமிடம் வைத்தால் 18 மணி 48 நிமிடம். இரண்டு நாளும் கொஞ்சமும். மிச்ச ஐந்தரை நாள் அளப்பதற்கும் பொருத்துவதற்கும் போகிறது. பழைய சட்டத்தை வெட்டும் முன் கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி முட்டுக் கொடுக்காவிட்டால் வண்டி நடுவில் தொய்யும். தொய்ந்தபடி ஒட்டிவிட்டால் கதவு இனி ஒருநாளும் ஒழுங்காக மூடாது. அவசரப்படும் கராச் மிச்சம் பிடிப்பது இந்த ஐந்தரை நாளைத்தான்.

மலிவு வேலையின் கணக்கு இப்படி: உக்கிய சட்டத்தை வெட்டாமல் அதற்கு மேலேயே தகடு ஒட்டி, பட்டி பூசி, கீழே தார் அடிப்பது. 9 நாள், 72,000 ரூபாய். பொருட்கள் 25,000. மொத்தம் 97,000. கேட்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் பட்டியைக் கொஞ்சம் நிறுத்துப் பார்ப்போம். 1.4 மீற்றருக்கு 15 சென்ரிமீற்றர் பரப்பில் 5 மில்லிமீற்றர் தடிப்பாகப் பூசினால் ஏறத்தாழ 1.05 லீற்றர், எடை 1.9 கிலோ போல. அதே பரப்புக்கு 20ஆம் கேஜ் இரும்பு வைத்தால் 1.5 கிலோதான். பட்டி இரும்பைவிடக் கனம், வலு கிடையாது, போதாததற்கு ஈரத்தையும் உறிஞ்சும்.

ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தீர்ப்பு நான் எதிர்பார்த்ததைவிட நெருக்கமாக வந்தது. மலிவு வேலை இரண்டு மாரி தாங்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 48,500 ரூபாய். முழு வேலை 12 ஆண்டு தாங்கி, வருடா வருடம் மெழுகும் ஒரு நாள் கூலியுமாக 12,000 போனால் ஆண்டுக்கு 38,200. வித்தியாசம் 10,300 ரூபாய்தான். முழு வேலை 8 ஆண்டு 7 மாதம் தாங்கினால்தான் மலிவு வேலையோடு சமமாகவே வரும். எனவே ஐந்து வருடத்தில் வண்டியை விற்கப் போகிறவருக்கு மலிவு வேலை பணக்கணக்கில் இலாபமாகத் தெரியும். வாங்குகிறவர் ஏமாறுகிறார் என்பது இந்தப் பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் பதியப்படுவதில்லை. இரண்டாம் மலிவு வேலைக்கு முதலாவதன் தகட்டையும் தாரையும் உரிக்க வேண்டும் என்பதையும் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் 48,500 ஏறும்.

கட்டம் கட்டமாகச் செய்தால் சமாளிக்கலாம் என்பது பாதி உண்மை. குறுக்குச் சட்டம் கதவடிச் சட்டத்தோடு ஒட்டியிருப்பதால் ஒன்றை இந்த வருடமும் மற்றதை அடுத்த வருடமும் செய்வது ஒரே காயத்தை இருமுறை கீறுவது. ஒத்திப் போடக்கூடியவை தரை ஒட்டு, மட்காட், கதவு அடி, பூச்சில் ஒரு நாள். 8 நாள் குறையும். 23 நாள் கூலி 1,84,000, தகடு 18,000, மற்றவை 35,000 என்று முதல் கட்டம் 2,37,000 ரூபாயில் முடியும். முழுத் தொகையின் முக்கால் பங்கு. இதற்குக் குறைவாக யாராவது பாதுகாப்பான வேலை என்று சொன்னால், எதை விடுகிறார் என்று கேட்க வேண்டும்.

நம் நேரத்தின் விலை

31 நாள், இரண்டு ஆள், நாளுக்கு 8 மணி: 496 ஆள்மணி. பிரித்தானியாவில் 2025 ஏப்ரலில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண். அந்த மிகக் குறைந்த கூலியிலேயே 496 மணிக்கு 6,056 பவுண். பவுணுக்கு 400 ரூபாய் என்று வட்டமாக வைத்தால் 24 இலட்சத்து 22 ஆயிரம். இங்கே 2 இலட்சத்து 48 ஆயிரம். அதே மாதம் இலங்கையின் குறைந்தபட்ச நாட்கூலி 1,080 ரூபாய் ஆயிற்று. அப்போது அங்கே ஒரு மணிக்குக் கொடுத்தது இங்கே நாலரை நாளின் சட்டக் கூலி.

இந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் பாத் நகரத்து சார்ல்ஸ் வெயர். 1970களில் அங்கே மொறிஸ் மைனர் சென்ரரைத் தொடங்கியவர். வண்டியைத் தூக்கி எறியாமல் திருத்தித் திருத்தி ஓட்டுவதே சிக்கனம் என்று புத்தகமே எழுதினார். பிறகு இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து மைனர் உதிரிப்பாகங்களை இந்த நாட்டில் செய்விக்கத் தொடங்கினார். இலங்கையில் அடித்த தகடு இங்கிலாந்துக் கார்களில் ஏறியது. நாமோ இங்கிலாந்திலிருந்து தகடு வரவழைப்பது பற்றி யோசிக்கிறோம். 100 பவுண் பாகம் ஒன்று 40,000 ரூபாய். 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான வற் வரியை மட்டும் சேர்த்தாலே 47,200. கப்பல் கூலி, சுங்கத் தீர்வை அதற்கு மேல். அந்த 47,200இல் நம் பாஸும் உதவியாளும் ஆறு நாள் வேலை செய்வார்கள். வளைவு சிக்கலான மட்காட் என்றால் ஒருவேளை வாங்கலாம். கதவடிச் சட்டமும் தரையும் நேர்மடிப்புத் தகடுகள், மடிப்பு இயந்திரம் உள்ள எந்தப் பட்டறையிலும் செய்யலாம்.

பாஸைத் தேடுவது

வாவியோரத்தில் வெல்டிங் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நெல் விளையும் மாவட்டம். உழவு இயந்திரப் பெட்டி, ஆலை இயந்திரம், படலை, கிறில் என்று தடித்த இரும்பில் கை தேர்ந்தவர்கள் பலர். அந்தக் கை 0.9 மில்லிமீற்றர் தகட்டுக்குச் சரிப்படாது. இரண்டரை மில்லிமீற்றர் வெல்டிங் குச்சி 60 அம்பியரில் தொடங்கினாலே மெல்லிய தகடு ஓட்டையாகிவிடும். இதற்கு வேண்டியது 0.6 மில்லிமீற்றர் வயர் போட்ட மிக் வெல்டிங், 40 அம்பியர் பக்கம், விட்டு விட்டு. காஸ் வெல்டிங்கிலும் அருமையாகச் செய்யும் மூத்த பாஸ்மார் உண்டு, ஆனால் சூடு பரவித் தகடு நெளியும் என்பதால் சுத்தியல் வேலையும் தெரிந்திருக்க வேண்டும். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழில் மூன்றாம், நான்காம் மட்டம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு முழம் 20ஆம் கேஜ் தகட்டை இரண்டாக வெட்டி, திரும்ப ஒட்டித் தரச் சொல்லுங்கள். கூலி கொடுத்தே சொல்லுங்கள். ஒட்டியதைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், முழு நீளத்துக்கும் இரும்பு உருகி மறுபக்கம் தெரிய வேண்டும்.

இன்னொன்று. “எல்லாம் சேர்த்து எவ்வளவு, பாஸ்?” என்று முற்றத்தில் நின்றபடி கேட்டால் ஒரு தொகை சொல்வார். அது இருவருக்கும் கெடுதல். கறளின் உண்மையான அளவு தாரை உரித்த பிறகுதான் தெரியும். முதல் 4 நாளுக்கு மட்டும் 32,000 கொடுத்து, உரித்துக் கழற்றி, இருவரும் சேர்ந்து பார்த்து, பிறகு தொகை பேசுங்கள். துத்தநாகத் தகடு போடலாமே என்று அவர் கேட்டால் சரி சொல்லலாம். சி4 வகுப்பில் துத்தநாகம் ஆண்டுக்கு அதிகபட்சம் 4.2 மைக்ரோன்தான் தேயும், இரும்பைவிட 19 மடங்கு மெதுவாக. ஆனால் ஒட்டும் ஓரத்தில் அதை அரைத்து நீக்கிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். துத்தநாகம் எரியும் புகை காய்ச்சல் தரும், திறந்த வெளியும் முகமூடியும் கட்டாயம். கூரைத் தகரம் வேண்டவே வேண்டாம்.

தாருக்குப் பதில் துத்தநாகப் பூச்சு, மூட்டுப் பசை, அதற்கு மேல் மெழுகு. கழிவு எஞ்சின் ஒயிலை அடியில் விசிறும் வழக்கம் பரவலானது, ஒயில் நன்றாக ஊர்ந்து உள்ளே போகும் என்பதும் மெய்தான். ஆனால் அது ரப்பரைத் தின்னும், முதல் வெள்ளத்தில் கழுவுப்பட்டு வாவிக்குள் போகும். அந்த வாவியில்தான் இறால் பிடிக்கிறோம்.

மட்டக்களப்பில் ஆண்டு மழை 1,700 மில்லிமீற்றர் அளவில், பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து காய்ச்சி அடிக்கும் மே முதல் ஓகஸ்ட் வரைதான் தகட்டைத் திறந்து வைக்க ஏற்ற காலம். அறுவடையும் சித்திரை வருடப்பிறப்பும் முடிந்து பாஸ்மாருக்கு வேலை இடைவெளி வரும் காலமும் அதை ஒட்டியே வருகிறது. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் 31 நாளுக்கு ஆறு வாரத்துக்கு மேல். மே நடுவில் தொடங்கினால் ஜூலைக்குள் முடியும். தாமதத்துக்கு ஒரு மாதம் கையில் வைத்துக்கொள்ளலாம், தேவைப்படும்.

கூலியை நான்காகப் பிரியுங்கள்: உரித்ததும் 32,000, குறுக்குச் சட்டமும் பின் பிடிகளும் முடிந்து பட்டி பூசும் முன் நீங்கள் பார்த்த பிறகு 72,000, கதவடிச் சட்டங்களும் தரையும் முடிந்ததும் 88,000. மிச்சம் 56,000. வெட்டியெடுத்த பழைய தகடு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், வெட்டினாரா மூடினாரா என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். 56,000இல் 25,000 பூச்சு முடிந்ததும் கொடுக்கலாம். கடைசி 31,000க்குத் தண்ணீர்க் குழாயை எடுங்கள். கண்ணாடி விளிம்பு, கதவு விளிம்பு, சில்லு வளைவு எல்லாம் இருபது நிமிடம் பீய்ச்சி, விரிப்பைத் தூக்கித் தரையைத் தடவிப் பாருங்கள். காய்ந்திருக்க வேண்டும். வடிதுளைகளிலிருந்து தண்ணீர் கீழே சொட்ட வேண்டும். இரண்டும் சரியென்றால் அந்தப் பணத்தை அன்றைக்கே, முற்றத்திலேயே எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.